பட்டாவுக்குக் காத்திருக்கும் கூடலூர்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஊட்டியினின்று இறங்கும் மலைச்சாலை கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் பிரியும் இடத்தில் கூடலூர் அமைந்துள்ளது. இங்குள்ள கடைக்காரர் ஒருவரிடம் தமிழிலும், அடுத்தவரிடம் மலையாளத்திலும், மூன்றாமவரிடம் கன்னடத்திலும் விலை சொல்வார். இதில் வியப்பில்லை. 1877 வரை இப்பகுதி மலபாரின் வயநாட்டைச் சேர்ந்ததாகவே இருந்தது. (பந்தலூர் இப்போது தனி வட்டமாயினும், இரண்டின் வரலாறும் ஒன்றே.)

இம்மண்ணின் மூத்த குடிகள் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் முதலானோர். காட்டுநாயக்கர் தேனெடுப்பதில் வல்லவர்கள். பெட்டக் குறும்பர் யானைகளைப் பழக்குவதில் பெயர் பெற்றவர்கள். பணியரின் நிலையோ இரங்கத்தக்கது. நிலம் கைமாறியபோது அதனோடு அவர்களும் கைமாறிய காலம் ஒன்று இருந்தது. வயநாடன் செட்டிகளும் மவுண்டாடன் செட்டிகளும் பள்ளத்து வயல்களில் நெல் விளைவித்தனர். பின்னர் வெள்ளையர் காப்பித் தோட்டங்களுடன் வந்தனர். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலாவில் தங்கம் கிடைக்கும் என்று பெரும் பணத்தைக் கொட்டினர்; அந்த ஆசை ஓரிரு ஆண்டுகளில் கரைந்துபோயிற்று. தேயிலை மட்டும் நிலைத்தது. அதன் பிறகு திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து மிளகும் இஞ்சியும் மரவள்ளியும் பயிரிட்டன.

இவர்கள் எல்லாரும் உழைத்த நிலத்திற்கு உரியவர் வேறொருவர். நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜன்மிகளின் உடைமையாக ஏறத்தாழ 80,000 ஏக்கர் இருந்தது. ஜன்ம உரிமையை ஒழித்து ரயத்துவாரி முறைக்கு மாற்றத் தமிழக அரசு 1969-இல் சட்டம் இயற்றியது. 1974-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய 17-ஆம் பிரிவு வழக்குகளில் சிக்கிக்கொண்டது. இச்சட்டத்திலிருந்து எழுந்த வழக்கில்தான், 2007 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் 1973 ஏப்ரல் 24-க்குப் பின் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று தீர்ப்பளித்தனர். நாடெங்கும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கின்றனர். கூடலூர் விவசாயிக்கோ, 17-ஆம் பிரிவு என்றால் பட்டா இல்லை, மின் இணைப்பு பெறுவதும் எளிதன்று என்பதே பொருள்.

இந்த இழுபறிக் காலத்தில் காடு குறைந்தது. கையில் பணமும் ஆளும் உள்ளவர்கள் திருத்திய நிலத்தைத் தமதென்றனர். காகிதமே அறியாத ஆதிவாசிகள் தாம் வாழ்ந்த இடத்திலேயே அந்நியராயினர். 1986-இல் தொடங்கிய அக்கார்டு என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையுடன் அவர்கள் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டனர். 1988-இல் ஆயிரக்கணக்கில் கூடலூர் வீதிகளில் நில உரிமை கேட்டு நடந்தனர். தம் நிலத்தில் தேயிலையும் நட்டனர். தேயிலை பல்லாண்டுப் பயிர். செடி வேரூன்றினால், "இது எங்கள் நிலம்" என்பதை மறுப்பது கடினம் அல்லவா! காட்டை நம்பி வாழ்ந்தவர்கள் இப்படியும் ஒரு வழி கண்டார்கள்.

ஆயினும் பசுந்தேயிலையின் விலை உழவர் கையில் இல்லை. 1991-இல் சோவியத் நாடு சிதைந்தபின் அச்சந்தை தளர்ந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் விலை வீழ்ந்து, சிறு விவசாயிகள் பறிகூலிக்கே திண்டாடினர். யானைகளும் தம் பழைய வழித்தடத்தை விடவில்லை. அதிகாலையில் வேலைக்குச் செல்வோர் உயிரிழப்பதும் உண்டு.

இன்னொரு மக்கள் கூட்டத்தையும் மறத்தலாகாது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் அவர்கள். அவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசு இங்குத் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே 1976-இல் டான்டீ என்னும் நிறுவனமாயிற்று. நட்டம் பெருகியதால், தோட்டங்களில் ஒரு பெரும் பகுதியை வனத்துறையிடம் திருப்பித் தர 2022-இல் முடிவாயிற்று. ஓய்வு பெற்றவர் தோட்டக் குடியிருப்பைக் காலி செய்தல் வேண்டும் என்பது விதி. இலங்கையில் வீட்டை விட்டு வந்து, இங்கே ஆயுள் முழுதும் கொழுந்து பறித்த முதியவர்கள், அடுத்து எங்கே செல்வது என்று கேட்கின்றனர்.