நாலு கிலோ மெஷினும் 200 ஆம்பியரும்

“இணையத்தில் நாலு கிலோ எடையில் 200 ஆம்பியர் வெல்டிங் மெஷின் விற்கிறார்கள். எங்கள் தெரு கேட் பட்டறையில் இருப்பதை நகர்த்தவே இரண்டு ஆள் வேண்டும். இது ஏமாற்றுதானே?” என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். மாடித் தோட்டத்துக்குத் தானே ஸ்டாண்டு அடித்துக்கொள்ள அவருக்கு ஆசை. ஏமாற்று இருக்கிறது, அவர் சந்தேகப்படும் இடத்தில் இல்லை.

வெல்டிங்குக்கு வேண்டியது குறைந்த வோல்ட், நிறைய ஆம்பியர். அப்படி இறக்கித் தருவது டிரான்ஸ்பார்மர். அதன் சுருளில் வோல்ட் ஒரே திசையில் இருக்கும்வரை, உள்ளிருக்கும் இரும்பில் காந்தப்புலம் ஏறிக்கொண்டே போகும். இரும்பு நிறைவதற்குள் திசை மாறியாக வேண்டும். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. திசை மாறுவது நூறில் ஒரு விநாடிக்கு ஒருமுறை. இரும்புக்கு அது ஒரு யுகம்.

குழாயடியில் பாத்திரம் வைத்த கதைதான். எப்போதாவதுதான் கவிழ்ப்பேன் என்றால் அண்டா வேண்டும். நொடிக்கு நொடி கவிழ்த்தால் டம்ளர் போதும். அந்த நாலு கிலோ இன்வெர்ட்டர் மெஷின் செய்வது இதுதான். வந்த மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு விநாடிக்கு 50,000 சுற்று என்கிற அளவில் வெட்டி வெட்டி அனுப்புகிறது. இரும்பு டம்ளரை இந்த வேகத்தில் கவிழ்த்தால், சுழல் மின்னோட்டத்தால் பழுக்கக் காய்ந்துவிடும். ஆகவே மண் டம்ளர்: ஃபெர்ரைட், அதாவது இரும்பு ஆக்சைடு கலந்து சூளையில் சுட்ட பீங்கான். மண் டம்ளர் கனமான சுவர் கொண்டது, கொள்ளளவு குறைவு. ஃபெர்ரைட்டும் இரும்பு தாங்கும் புலத்தில் கால்வாசி போலத்தான் தாங்கும். வேகம் ஆயிரம் மடங்கு கூடியும் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகாததற்கு அதுவும் ஒரு காரணம். ஓயாமல் கவிழ்க்கிற கைக்கு, அதாவது மின்சாரத்தை வெட்டி அனுப்பும் ஸ்விட்சுக்கு, வியர்க்கும். அதற்குத்தான் அலுமினியத் தகடும் விசிறியும். குழாயடிச் சண்டை ஒன்றுதான் பாக்கி.

வரலாறு கேட்பவர்களுக்காக: 1880களில் ரஷ்யாவின் பெனார்டோஸ் கரிக்கோலால் பற்றவைத்தார், பூச்சு பூசிய ராடு அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஷெல்பெரி தந்தது. எனக்குப் பிடித்தவர் அந்தக் ‘கை’யைச் செய்தவர். ஐ.ஜி.பி.டி. என்ற அந்த ஸ்விட்சை 1980 வாக்கில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் உருவாக்கிய ஜெயந்த் பாலிகா, சென்னையில் பிறந்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்தவர்.

ஆக, எடை நிஜம். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்ட 200 தான் கதை. 200 ஆம்பியரில் ஆர்க் சுமார் 28 வோல்ட்டில் நிற்கும். பெருக்கினால் 5,600 வாட். உங்கள் வீட்டு 16 ஆம்பியர் பிளக் முழுசாகத் தந்தாலே 3,680 தான். மெஷினின் இழப்புகளையும் கழித்தால், அந்தப் பிளக்கிலிருந்து தொடர்ந்து கிடைப்பது 90 ஆம்பியர் வாக்கில். மோசமில்லை. 12ஆம் நம்பர் ராடுக்கு அது போதும். மெல்லிய சதுர பைப்புக்கு அதைவிடத் தடித்த 10ஆம் நம்பர் எடுத்தால் ஓட்டைதான் விழும்.

பெட்டியை விட்டுவிட்டு மெஷினின் முதுகில் இருக்கும் தகட்டைப் படியுங்கள். ‘200 ஆம்பியர், 30 சதவீதம்’ என்றிருந்தால் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் பற்றவைத்து ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும். சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதால், நிற்காமல் ஓட்டக்கூடியது சுமார் 110. அதுவும் 40 டிகிரி வெயிலுக்குப் போட்ட கணக்கு. சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே என்ன ஆகும் என்று விளம்பரம் சொல்லாது. தகடே இல்லாத மெஷினை நான் தொடமாட்டேன். கூடவே, 10ஆம் நிழல் எண் உள்ள நல்ல வெல்டிங் கண்ணாடியும் வாங்குங்கள்.

பட்டறைக்காரர் அந்தப் பழைய டிரான்ஸ்பார்மர் பூதத்தை விடாமல் வைத்திருப்பதற்கும் நியாயம் உண்டு. அதற்குள் சர்க்யூட் போர்டு கிடையாது. இன்வெர்ட்டரின் விசிறியோ பக்கத்தில் கிரைண்டர் ஓடினால் இரும்புத் தூளை உள்ளே இழுத்துப் போர்டின்மேல் படியவைக்கும். ஒருநாள் ஷார்ட் ஆகிவிடும். கிரைண்டரை மாடியின் மறுகோடிக்குக் கொண்டுபோங்கள்.