மின்னஞ்சலில் படங்கள் தானாகத் தெரிய வேண்டுமா?



மின்னஞ்சலைத் திறக்கிறோம். எழுத்து இருக்கிறது, படம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் மட்டும் இருக்கிறது. மேலே 'படங்கள் காட்டப்படவில்லை' என்று ஒரு வரி. உம்ரா சேவை நிறுவனம் அனுப்பிய பயண விவரமாக இருக்கலாம். பிள்ளை படிக்கும் கல்லூரியின் சுற்றறிக்கையாக இருக்கலாம். "ஒவ்வொரு தடவையும் அழுத்திக்கொண்டிருக்க முடியவில்லை ஹஜ்ரத், தானாகவே படம் தெரிய என்ன செய்வது?" என்று ஜமாஅத் அலுவலகத்தில் கணினி பார்க்கும் தம்பிமார்கள் நம்மிடமே கேட்டதுண்டு. வழி எளிதுதான், கீழே சொல்லியும் இருக்கிறோம். ஆனால் அந்தப் படத்தை மின்னஞ்சல் நிறுவனங்கள் ஏன் நிறுத்தி வைத்தன என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பதே நல்லது. ஏனெனில் இதில் தொழில்நுட்பம் மட்டுமல்ல, மார்க்கம் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது.

ஆரம்ப கால மின்னஞ்சலில் வெறும் எழுத்து மட்டுமே போகும். படம், ஒலி போன்றவற்றையும் சேர்த்து அனுப்பும் 'மைம்' என்ற முறையை நதானியேல் போரென்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் 1992இல் வெளியிட்டார்கள். அந்த முறையில் படம் கடிதத்துக்குள்ளேயே மடித்து வைக்கப்படுகிறது. படத்தை எழுத்துகளாக மாற்றி அனுப்புவதால் அதன் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆனாலும் கடிதம் வந்து சேர்ந்தால் படமும் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். நம் வீட்டார் இணைப்பாக அனுப்பும் குடும்பப் படங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். இவற்றில் நாம் பேசப்போகும் சிக்கல் இல்லை.

பின்னாளில் மின்னஞ்சலையும் இணையப் பக்கம் போலவே வடிவமைக்கத் தொடங்கினார்கள். அப்போது இரண்டாவது வழி வந்தது. இதில் கடிதத்துக்குள் படம் இருக்காது. படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் இருக்கும். நாம் கடிதத்தைத் திறந்ததும் நம் கணினி அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்துவந்து காட்டும். ஆயிரக்கணக்கானோருக்கு விளம்பரம் அனுப்புகிறவர்களுக்கு இது வசதி. படத்தை ஒரு இடத்தில் வைத்துவிட்டு முகவரியை மட்டும் எல்லோருக்கும் கொடுத்தால் போதும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பொருளை வாங்கி வரச் சொன்னால், யார் வந்தார், எப்போது வந்தார் என்று கடைக்காரர் குறித்து வைக்க முடியும் அல்லவா? அதுபோல, படத்தை எடுக்க நம் கணினி போகும்போது, போன நேரம், நம் இணைய இணைப்பின் ஐ.பி. எண், அதைக் கொண்டு நாம் எந்த ஊர்ப் பக்கம் இருக்கிறோம் என்ற உத்தேசம், எந்த வகைக் கருவி என்பதெல்லாம் அங்கே பதிவாகிவிடும். அனுப்புகிறவர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண் கொண்ட பட முகவரியை வைத்து அனுப்பினால், இன்னார் இத்தனை மணிக்குத் திறந்தார், மறுபடியும் இரண்டு முறை திறந்தார் என்று பெயர் சொல்லியே கணக்கெடுக்கலாம். இதற்குக் கண்ணுக்குத் தெரிகிற படம்கூடத் தேவையில்லை. ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரம், நிறமே இல்லாத படம் போதும். திரையில் அது இருப்பதே நமக்குத் தெரியாது. வேவு பார்ப்பதற்காகவே கடிதத்தில் ஒட்டி அனுப்பப்படும் இதை 'டிராக்கிங் பிக்ஸல்' என்கிறார்கள்.

இதில் என்ன பெரிதாகக் கெட்டுவிடப் போகிறது என்று தோன்றலாம். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹெச்.பி. கணினி நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். நிர்வாகக் குழுவின் பேச்சுகளைப் பத்திரிகைகளுக்குச் சொல்வது யார் என்று கண்டுபிடிக்க, அந்த நிறுவனம் அமர்த்திய துப்பறிவாளர்கள் ஒரு செய்தியாளருக்குப் பொய்யான அடையாளத்தில் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவர் அதை யாருக்கு அனுப்பி வைக்கிறார் என்று அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு அதில் இருந்தது. விஷயம் வெளியானதும் நிர்வாகக் குழுத் தலைவர் பட்ரீசியா டன் பதவி விலகினார். அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. 2019இல் 'சூப்பர்ஹ்யூமன்' என்ற மின்னஞ்சல் செயலி, அனுப்பிய கடிதத்தைப் பெற்றவர் எந்த இடத்திலிருந்து திறந்தார் என்பதைக்கூட அனுப்பியவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. கண்டனம் எழுந்த பிறகே இடத்தைக் காட்டுவதை நிறுத்தினார்கள். கணவனின் கொடுமைக்கு அஞ்சி வேறு ஊரில் தங்கியிருக்கும் ஒரு சகோதரி தன் பழைய மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல.

2018 மே மாதம் ஜெர்மனி, பெல்ஜியம் நாடுகளின் ஆய்வாளர்கள் 'ஈஃபெயில்' என்ற பெயரில் இன்னொன்றை வெளிப்படுத்தினார்கள். பூட்டி அனுப்பப்பட்ட ரகசிய மின்னஞ்சலை இடையில் கைப்பற்றிய ஒருவன், அதை ஒரு பட முகவரியின் நடுவில் செருகித் திரும்ப அனுப்புகிறான். பெறுகிறவரின் கணினி பூட்டைத் திறந்து, படத்தை எடுக்கப் போகும்போது, ரகசியமும் அந்த முகவரியோடு சேர்ந்து திருடனிடமே போய்விடுகிறது. சில மென்பொருள்களில் இது நடந்தது, பிறகு திருத்தினார்கள். படத்தைத் தானாக எடுக்காதபடி வைத்திருந்தவர்களுக்கு இந்த வாசல் பெரும்பாலும் அடைபட்டே இருந்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அல்குர்ஆனின் 49ஆவது அத்தியாயமான அல்ஹுஜுராத்தின் 12ஆவது வசனம், துருவித் துருவி ஆராய்வதைத் தடை செய்கிறது. அரபியில் 'தஜஸ்ஸுஸ்' என்பார்கள். பிறர் மறைத்து வைத்திருப்பதை, அவருக்குத் தெரியாமல் தேடிப் போவது அது. 24ஆவது அத்தியாயமான அந்நூரின் 27ஆவது வசனம், பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்கிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரம் வழியாக எட்டிப் பார்த்ததையும், அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் காரணமாகத்தான் என்ற கருத்தில் அவர்கள் அவரைக் கண்டித்ததையும் புகாரியில் காண்கிறோம். காலடி எடுத்து வைப்பது மட்டுமே நுழைவதல்ல, கண்ணும் நுழைகிறது என்பதை இதிலிருந்து அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை அனுப்பி, இன்னொருவர் எத்தனை மணிக்கு விழித்திருந்தார், எந்த ஊரில் இருந்தார் என்று பார்ப்பதை இந்தத் துவாரத்திலிருந்து வேறுபடுத்துவதற்கு நமக்குக் காரணம் தெரியவில்லை.

வாட்ஸ்அப்பில் நீல நிற டிக் வருகிறதே, அதுவும் இதுதானே என்று சிலர் கேட்பார்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. நீல டிக் இருப்பது இரு தரப்புக்கும் தெரியும். வேண்டாதவர் அதை நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தியவருக்குத் தனிப்பட்ட உரையாடலில் மற்றவர் படித்தாரா என்பதும் தெரியாது. தெரிந்தும் சம்மதித்தும் நடப்பது ஒன்று. ஒளித்து வைத்து நடப்பது வேறொன்று.

இதை விளம்பரக் கம்பெனிகளைப் பற்றிய குறையாக மட்டும் படிக்க வேண்டாம். ரமளான் வந்தால் ஜகாத், ஸதகா கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் நம் அறக்கட்டளைகளும் மதரஸாக்களும் மெயில்சிம்ப் போன்ற சேவைகளைத்தான் பயன்படுத்துகின்றன. யார் திறந்தார், யார் திறக்கவில்லை என்ற பட்டியல் அதில் தானாகவே கிடைக்கிறது. 'திறந்து பார்த்தும் பணம் தரவில்லை' என்று ஒரு சகோதரரைப் பற்றி அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு அந்தப் பட்டியல் எவ்வளவு தூரம்? துருவி ஆராய்வதைத் தடுக்கும் அதே வசனம்தான் தவறான எண்ணத்தையும் புறம் பேசுவதையும் சேர்த்துத் தடுக்கிறது. மெயில்சிம்பில் மடலை அனுப்பும் முன் 'டிராக் ஓபன்ஸ்' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடலாம். தீன் பணிக்காக அனுப்பும் கடிதத்தில் அதை எடுத்துவிட்டு அனுப்புவதே சரி என்பது நம் கருத்து.

அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. நம்மவர்கள் எல்லா அறிவிப்பையும் ஒரே படமாகச் செய்து அனுப்பிவிடுகிறார்கள். மௌத் அறிவிப்புகூட அப்படித்தான். ஜனாஸா எந்த நேரம், எந்தக் கப்ருஸ்தான் என்பதெல்லாம் படத்துக்குள் இருக்கும். படம் நிறுத்தப்பட்டிருக்கும் கணினியில் அந்தக் கடிதம் வெறும் வெள்ளைத் தாளாகத்தான் தெரியும். பார்வையில்லாத சகோதரர்கள் திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் மின்னஞ்சல் கேட்கிறார்கள். படத்துக்குள் வரைந்த எழுத்தை அது பெரும்பாலும் சரியாக வாசிப்பதில்லை. ஜனாஸா தொழுகையின் நேரத்தை இரண்டு வரி எழுத்தாகத் தட்டச்சு செய்து, வேண்டுமானால் அதன் கீழே படத்தை வைக்கட்டும். அழகான சட்டகமும் ரோஜாப் பூவும் இல்லாவிட்டால் மய்யித்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பெறுகிறவர் கவனிக்க வேண்டியது

படத்தைத் திறந்தால் அனுப்பியவருக்கு இந்த முகவரி புழக்கத்தில் உள்ளது என்று தெரிந்துவிடும். குப்பை மின்னஞ்சல் அனுப்புகிறவனுக்கு அது லாபம், மேலும் அனுப்புவான். ஆபாசப் படங்களோடு வரும் குப்பை மின்னஞ்சல்களும் உண்டு. பார்வையைத் தாழ்த்தச் சொல்லும் மார்க்கத்தில் இருப்பவர், பிள்ளைகளும் உட்காரும் கணினியில், எவன் அனுப்பினாலும் படத்தைக் காட்டு என்று வைத்திருப்பது சரியா என்று யோசிக்கட்டும். மேலும், வங்கியின் சின்னமோ ஹஜ் கமிட்டியின் சின்னமோ கடிதத்தின் தலையில் பளிச்சென்று தெரிவதால் அது உண்மை ஆகிவிடாது. சின்னத்தை யாரும் நகலெடுக்கலாம். அனுப்பிய முகவரியைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, வழிமுறை. ஜிமெயில் 2013 டிசம்பர் வரை படங்களை நிறுத்தித்தான் வைத்திருந்தது. அதன் பிறகு கூகுள் தன் சொந்தக் கணினிகள் வழியாகப் படத்தை எடுத்துத் தரத் தொடங்கியதால், இப்போது வழக்கமாகவே படங்கள் தெரிகின்றன. நம் ஐ.பி. எண் அனுப்பியவருக்குப் போவதில்லை. ஆனால் கடிதம் திறக்கப்பட்டது என்பது இன்னும் தெரியக்கூடும். உங்களுக்குப் படம் தெரியவில்லை என்றால், கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மேலே உள்ள பல்சக்கரத்தை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்', அதில் 'ஜெனரல்' பகுதிக்குப் போங்கள். 'இமேஜஸ்' என்ற இடத்தில் 'ஆல்வேஸ் டிஸ்ப்ளே எக்ஸ்டர்னல் இமேஜஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தானாகத் தெரியும். 'ஆஸ்க் பிஃபோர் டிஸ்ப்ளேயிங் எக்ஸ்டர்னல் இமேஜஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் கேட்கும். எதைத் தேர்ந்தாலும் பக்கத்தின் அடியில் உள்ள 'சேவ் சேஞ்சஸ்' பொத்தானை அழுத்த வேண்டும். பலர் அதை விட்டுவிட்டு, மாறவில்லையே என்கிறார்கள்.

நாம் சொல்வது இரண்டாவது வழியை. அதில் ஒரு வசதி உண்டு. நம்பிக்கையான ஒருவரின் கடிதம் வரும்போது மேலே 'இவரிடமிருந்து வரும் படங்களை எப்போதும் காட்டு' என்ற பொருளில் ஒரு இணைப்பு தெரியும். அதை ஒரு தடவை அழுத்தினால் அவருக்கு மட்டும் கதவு திறக்கும். கல்லூரி, பயண நிறுவனம், வங்கி என்று தேவையான சிலருக்கு இப்படிச் செய்துவிட்டால் தினசரித் தொல்லை தீர்ந்தது.

கணினியில் நிறுவும் பழைய வகை அவுட்லுக் படங்களை இயல்பாகவே நிறுத்தி வைக்கும். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'டிரஸ்ட் சென்டர்', 'டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ்', 'ஆட்டோமேட்டிக் டவுன்லோட்' என்று போனால் அந்தத் தடையை எடுக்கலாம். எடுக்காமல், தெரிந்தவர்களை 'சேஃப் செண்டர்ஸ்' பட்டியலில் சேர்ப்பது மேல். தண்டர்பேர்டும் இயல்பாக நிறுத்தியே வைக்கும். கடிதத்தின் மேலே வரும் பட்டையில் அனுப்பியவருக்கு மட்டும் அனுமதி தரலாம்.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு 2021 செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 15 முதல் வேறு ஒரு ஏற்பாடு இருக்கிறது. மெயில் செயலியின் அமைப்பில் 'பிரைவசி ப்ரொடெக்ஷன்' என்பதற்குள் 'ப்ரொடெக்ட் மெயில் ஆக்டிவிட்டி' என்பதை இயக்கிவிட்டால், நாம் கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்கள் பின்னணியில் இடையாள் கணினிகள் வழியாக எடுக்கப்படும். நாம் உண்மையில் எப்போது படித்தோம் என்பது அனுப்பியவருக்குப் பிடிபடாது, ஐ.பி. எண்ணும் மறைந்துவிடும், படமும் நமக்குத் தெரியும். ஆனால் இது ஆப்பிளின் மெயில் செயலிக்கு மட்டும்தான். அதே ஐஃபோனில் ஜிமெயில் செயலியை வைத்துப் படிப்பவர்கள், அந்தச் செயலிக்குள் தங்கள் கணக்கின் அமைப்பில் 'இமேஜஸ்' என்ற இடத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.