சாச்சியின் தேநீர்க் கணக்கு

எங்கள் வீட்டிலிருந்து உட்துறைமுக வீதிக்கு ஐந்து நிமிட நடை. மாலையில் அங்கே நடக்க வரும் பெண்களில் என் சாச்சியும் ஒருவர். போன வருடம் திடீரென்று நடப்பதை நிறுத்திவிட்டார். ஒரு கலியாண வீட்டில் யாரோ, "வயித்த வெட்டி எடுத்தும் திரும்ப ஊதிட்டே வாறாவே" என்று அவர் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றரை வருடங்களுக்கு முன் சாச்சிக்குக் கொழும்பில் நிறை குறைப்புச் சத்திரசிகிச்சை நடந்தது. நீரிழிவும் முழங்கால் வலியும் சேர்ந்து அவரைப் படுக்கையில் போட்டிருந்த காலம் அது. 112 கிலோவாக இருந்தவர் ஒன்றரை வருடத்தில் 74 கிலோவானார். அதன் பிறகு மெல்ல மெல்ல ஏறி 83 இல் நின்றார். "நான் ஒண்டும் தின்றதில்ல மகள், மூணு கரண்டி சோறுதான்" என்று அழுதார். அவர் பொய் சொல்பவர் அல்லர். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அது ஒரு புதிராக இருந்தது. ஒரு வாரம் அவர் வாயில் போட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன்.

அதற்கு முன் சத்திரசிகிச்சை என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சாச்சிக்குச் செய்தது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு குழாயைப் போல மீதியை விடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கிறது. எனவே முதல் மாதங்களில் பசியும் குறைவு. ஆனால் காலம் போகப் பசி ஓரளவு திரும்பும், கொள்ளளவும் சற்றுக் கூடும். இது சாச்சிக்கு மட்டும் நடந்ததல்ல. சுவீடனில் 1987 இல் தொடங்கிப் பல வருடங்கள் தொடர்ந்த ஆய்வொன்றில், இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீத நிறையை இழந்தார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக இருந்தது. கொஞ்சம் திரும்புவது வழமை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சாச்சி வீட்டுக்குள் ஒளிந்திருக்க மாட்டார்.

இனிக் கொப்பிக்கு வருவோம். சோறு உண்மையாகவே மூன்று கரண்டிதான். ஆனால் நாளுக்கு ஐந்து பால் தேநீர். ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி பால்மா: கோப்பைக்குச் சுமார் 95 கலோரி. கூடவே எட்டு மாரி பிஸ்கட். இரண்டும் சேர்ந்து 700 கலோரிக்குக் கிட்ட வந்தது. சின்ன இரைப்பை கெட்டியான உணவைத்தான் தடுக்கும். இனிப்புத் தண்ணீரும், வாயிலேயே கரையும் பிஸ்கட்டும் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மீனும் சோறும் நெஞ்சில் நிற்கிறதென்று சாச்சி அவற்றைக் குறைத்து, இலகுவாக இறங்கியதைக் கூட்டியிருக்கிறார்.

எல்லாம் சேர்த்து நாளுக்குச் சராசரி 1750 கலோரி. அவருக்கு வேண்டியது எவ்வளவு? பெண்களுக்கான ஒரு சூத்திரம் உண்டு: நிறையைப் பத்தாலும், சென்ரிமீற்றரில் உயரத்தை 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டி, அதில் வயதின் ஐந்து மடங்கையும் 161 ஐயும் கழிக்க வேண்டும். 74 கிலோ, 155 சென்ரிமீற்றர், 43 வயதுக்கு 1333 வருகிறது. இது சும்மா படுத்திருக்கவே உடம்பு எரிக்கும் அளவு. அதிகம் நடமாடாதவருக்கு அதை 1.2 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1600. நிறை குறைந்த உடம்பு சூத்திரம் சொல்வதைவிடவும் சிக்கனமாகச் செலவழிக்கக்கூடும் என்பதால் 1600 என்பதும் மேல் எல்லைதான். மிஞ்சியது 150 கலோரி, இரண்டு தேநீருக்கும் குறைவு. வருடம் முழுக்க மிஞ்சினால் கணக்குப்படி ஏழு கிலோ. உடம்பு கூடக் கூடச் செலவும் கூடுவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே ஏறும். சாச்சிக்கு இரண்டு வருடத்தில் ஒன்பது.

எனக்குக் கலோரியைவிடக் கவலை தந்தது புரதம். நாளுக்கு 38 கிராம்தான் வந்தது. இந்தச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். உயரத்துக்கேற்ற நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரைக் கிராம்வரை போகலாம். சாச்சியின் உயரத்துக்கு 60 முதல் 90 வரை. நிறை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. புரதம் போதாவிட்டால் இன்னும் கரையும். படியேறக் கால் நடுங்கும். புரதம் நிறைந்த உணவு வயிற்றில் நின்று பசியையும் தள்ளிப்போடும்.

துறைமுகத்து ஊரில் புரதத்துக்கா பஞ்சம்? விலையுயர்ந்த புரத மாவுகளை வாங்குமுன் மீன் சந்தைக்குப் போகலாம் என்பது என் கட்சி. போசணையியலாளரிடம் கொப்பியைக் காட்டி, சாச்சிக்கு இப்படி அமைத்தோம்: காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். பகலில் 80 கிராம் சமைத்த சூரை மீன், 22. பின்னேரம் அரைக் கோப்பை அவித்த கடலை, 7. சீனி போடாத எருமைத் தயிர் ஒரு சிறு கிண்ணம், 6. இரவு இன்னொரு துண்டு மீன், 15. மொத்தம் 62. தட்டில் முதலில் மீன், பிறகு மரக்கறி, இடமிருந்தால் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணித்தியாலம் விட்டுக் குடிக்க வேண்டும். விற்றமின் குளிசைகள் ஆயுள் முழுக்க. சிறுநீரக நோய் இருப்பவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக்கூடாது. வைத்தியரைக் கேட்க வேண்டும்.

நோன்பு காலம் தனிக் கதை. சத்திரசிகிச்சை நடந்த முதல் வருடம் வைத்தியர் விடவில்லை. இப்போது பிடிக்கிறார். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும், பிறகு இறைச்சி கூடுதலாகப் போட்ட கஞ்சி. சமோசாத் தட்டு அவர் பக்கம் போவதில்லை. வட்டிலப்பம் மட்டும் பெருநாளன்று இரண்டு கரண்டி; அதில் நான் கை வைக்கவில்லை.

தேநீர் இப்போது இரண்டு, சீனி இல்லாமல். முதல் வாரம் என்னோடு பேசவே இல்லை. ஆறு மாதத்தில் 79 கிலோ. போன வெள்ளிக்கிழமை பின்னேரம் சப்பாத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, "கொப்பிய வெச்சிட்டு வா மகள், கடற்கரைப் பக்கம் போவம்" என்றார்.