பிரார்த்தனையில் ஒரு சொல்: கடன்

கிறித்தவ மக்கள் நாள்தோறும் ஓதிவரும் பிரார்த்தனை ஒன்றுண்டு. ஈஸா (அலை) அவர்கள் தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்ததாக மத்தேயு, லூக்கா ஆகிய இரு சுவிசேஷங்கள் அதனைப் பதிவு செய்துள்ளன. தமிழ்க் கிறித்தவர் பலர் அதனைப் 'பரமண்டல ஜெபம்' என்பர். அதன் இடையே இறைமன்னிப்பை வேண்டும் வாசகம் ஒன்று வருகிறது. மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் 'பாவம்' அன்று, 'கடன்' என்பதே. தமக்குக் கடன்பட்டவரைத் தாம் விடுவிப்பதை அளவாக வைத்து இறைவனிடம் விடுதலை கோரும் வேண்டுதல் அது.

அரபு மொழி பயின்றோர்க்கு இதில் வியப்பில்லை. கடனைக் குறிக்கும் 'தைன்' என்ற சொல்லும், மார்க்கத்தையும் தீர்ப்பையும் குறிக்கும் 'தீன்' என்ற சொல்லும் தால், யா, நூன் என்னும் ஒரே மூவெழுத்து வேரிலிருந்து கிளைத்தவை. ஆயினும் ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் கடன் என்ற சொல்லின் இடத்தில் 'குற்றம்' என்னும் பொருள் தரும் சொல்லே நிலைபெற்றது. பல நூற்றாண்டுகளாக அங்குள்ளோர் அவ்வாறே ஓதி வந்தனர். பிரார்த்தனை நெஞ்சினுள் ஒடுங்கிற்று. கடன் ஏடு வங்கியில் இருந்தது. அவ்விரண்டும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் சந்தித்த வரலாறு நாம் அறியத்தக்கது.

கடன் வந்த வழி

1973ஆம் ஆண்டுப் போரையடுத்து எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. எண்ணெய் வள நாடுகளின் மிகைப் பணம் பெருமளவில் இலண்டன், நியூயார்க் வங்கிகளில் வைப்பாகச் சேர்ந்தது. அவ்வங்கிகள் அதனை வளரும் நாடுகளுக்கு மாறும் வட்டியில் கடனாக வழங்கின. 1979க்குப் பின் அமெரிக்கா வட்டி விகிதத்தைக் கடுமையாக உயர்த்தியது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன்னால் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. மிக வறிய ஆப்பிரிக்க நாடுகள் பெரும்பாலும் பிற அரசுகளுக்கும் உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம் ஆகியவற்றுக்கும் கடன்பட்டிருந்தன. அவையும் செம்பு, காப்பி போன்ற ஏற்றுமதிப் பொருள்களின் விலை வீழ்ச்சியால் அதே சுழலில் அகப்பட்டன.

இங்கு நாம் நம் பக்கத்தையும் மறைத்தலாகாது. அந்த வைப்புப் பணத்தில் பெரும்பகுதி முஸ்லிம் நாடுகளுடையது. வட்டியை விலக்கிய சமுதாயத்தின் செல்வம், வட்டிச் சந்தையின் வழியே ஏழை நாடுகளின் கழுத்துக் கயிற்றுக்கு இழையாயிற்று. அந்த ஏழை நாடுகளில் மாலி, நைஜர், செனகல், சோமாலியா போன்ற முஸ்லிம் நாடுகளும் அடங்கும்.

ஐம்பதாம் ஆண்டின் சட்டம்

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக ஆசிரியர் மார்ட்டின் டென்ட்டும் ஓய்வுபெற்ற தூதர் பில் பீட்டர்ஸும் இதற்குத் தீர்வு தேடுகையில் யூத, கிறித்தவ வேதத்தின் பழைய சட்டமொன்றைப் பற்றினர். லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம், ஏழேழு ஆண்டுகள் கழிந்தபின் வரும் ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதி விடுதலையை அறிவிக்கப் பணிக்கிறது. வறுமையால் விற்கப்பட்ட நிலம் உரியவரிடம் திரும்பவேண்டும். அடிமையானவர் வீடு திரும்பவேண்டும். இதுவே யூபிலி ஆண்டு. ஏழாண்டுக்கு ஒருமுறை கடனை விடுவிக்கும் விதியோ உபாகமத்தின் 15ஆம் அதிகாரத்தில் உள்ளது. இவ்விரண்டையும் இணைத்து, 2000ஆம் ஆண்டினை வறிய நாடுகளின் கடன் விடுதலை ஆண்டாக்க வேண்டும் என்று அவர்கள் கோரினர். 'யூபிலி 2000' என்னும் இயக்கம் இவ்வாறு தோன்றிற்று. 1994ஆம் ஆண்டிலேயே போப் இரண்டாம் ஜான் பால் இதே கருத்தைத் தம் மடலொன்றில் முன்வைத்திருந்தார்.

இவ்வியக்கத்தில் நாம் உற்றுநோக்க வேண்டியது அதன் பிரார்த்தனை நடைபெற்ற முறையாகும். 'இறைவா, ஏழைகளுக்கு இரங்குவாயாக' என்ற பொது வேண்டுதலோடு சபைகள் நின்றுவிடவில்லை. எந்த நாடு யாருக்கு எவ்வளவு தரவேண்டும், அதனைத் தள்ளும் அதிகாரம் எவரிடம் உள்ளது, அவர் எந்நாளில் எங்கே கூடுகிறார் என்பவற்றைக் கற்றனர். கற்றதைப் பிரார்த்தனையில் வைத்தனர். பின்னர் அதனையே அமைச்சர்க்கும் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் எழுதினர். 1998 மே 16 அன்று எட்டு வல்லரசுகளின் மாநாடு பர்மிங்காமில் நடந்தபோது, சுமார் 70,000 பேர் நகரைச் சுற்றிக் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றனர். அடுத்த ஆண்டு ஜூனில் ஜெர்மனியின் கொலோன் மாநாட்டில், 10,000 கோடி டாலர் அளவிலான கடனைத் தள்ளுபடி செய்வதாக அத்தலைவர்கள் வாக்களித்தனர்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஸ்பென்சர் பாக்கஸ் பழைமைப் போக்குடையவர், பாப்டிஸ்ட் சபையினர். அவருடைய தொகுதியின் சபை மக்களே அவரை நாடிச் சென்று இதனை எடுத்துரைத்தனர். அவர் கடன் தள்ளுபடியின் உறுதியான ஆதரவாளரானார். 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டமன்றம் இதற்காக 43.5 கோடி டாலர் ஒதுக்கியது. 2005இல் உலக வங்கி, நாணய நிதியம் ஆகியவற்றின் கடன்களையும் தள்ள வல்லரசுகள் இசைந்தன.

பயனும் குறையும்

பயன் கண்கூடானது. உகாண்டா, கடன் தள்ளுபடியால் மிஞ்சிய பணத்தை 1998இல் அமைத்த தனி வறுமை ஒழிப்பு நிதியில் சேர்த்துத் தொடக்கக் கல்விக்கும் பிறவற்றுக்கும் செலவிட்டது. சாம்பியா 2006இல் கிராமப்புற மருத்துவமனைகளில் கட்டணத்தை நீக்கிற்று. 2023 டிசம்பரில் சோமாலியா இத்திட்டத்தை நிறைவு செய்த 37ஆவது நாடாயிற்று. 2018இல் அதன் நாட்டு வருமானத்தில் 64 விழுக்காடாயிருந்த வெளிக்கடன் 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று. முழுதும் முஸ்லிம்கள் வாழும் நாடொன்றின் சுமை இறங்கியதில், கைகோத்து நின்ற அந்தக் கிறித்தவர்களுக்கும் பங்குண்டு என்பதைக் கூறுதல் நீதியின் பாற்பட்டது.

குறையும் உண்டு. தள்ளுபடி பெற நாணய நிதியத்தின் கடும் நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஆண்டுகள் பல கழிந்தன. ருமேனியாவிடம் 1979இல் வேளாண் இயந்திரம் வாங்கிய வகையில் சாம்பியா பட்டிருந்த பழங்கடனைத் தனியார் நிறுவனமொன்று சுமார் 33 இலட்சம் டாலருக்கு வாங்கி, இலண்டன் நீதிமன்றத்தில் 5.5 கோடி டாலர் கோரியது. 2007இல் அதற்குச் சுமார் 1.5 கோடி டாலர் கிடைத்தது. சபைகளும் பிற அமைப்புகளும் மீண்டும் குரலெழுப்பின. இத்தகைய வழக்குகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 2010இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றியது. எனினும் 2020இல் சாம்பியாவும் 2022இல் கானாவும் மீண்டும் கடன் செலுத்த இயலா நிலையை அடைந்தன. 2024 மே மாதம், 2025ஆம் ஆண்டின் யூபிலியை அறிவித்த மடலில் போப் பிரான்சிஸ் கடன் தள்ளுபடியை மறுபடியும் வேண்ட நேர்ந்தது.

ஏன் இவ்வாறாயிற்று? லேவியராகமத்தின் யூபிலி ஒருமுறை காட்டும் இரக்கமன்று. தலைமுறைதோறும் மீண்டு வரும் சட்டம். இயக்கத்தார் பெற்றதோ ஒருமுறைத் தள்ளுபடி மட்டுமே. நம் ஃபிக்ஹு நூல்களில் 'தஃப்லீஸ்' என்றொரு பாடம் உண்டு. கடனைத் தீர்க்க இயலாதவரைக் காழி திவாலானவராக அறிவித்து, அவருடைய இன்றியமையாத் தேவைகளை விட்டுவைத்து, எஞ்சியதைக் கடன் கொடுத்தோரிடையே பங்கிடுவார். தனிமனிதர்க்கு இருக்கும் இவ்வழி நாடுகளுக்கு இன்றளவும் இல்லை. கடன் கொடுத்தவரே காழியாகவும் அமர்ந்திருக்கிறார்.

சூரத்துல் பகராவின் 280ஆவது வசனம், நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை தருமாறும், விட்டுக்கொடுத்தல் அதனினும் நன்றென்றும் பணிக்கிறது. வட்டியைத் தடுக்கும் வசனங்களின் தொடர்ச்சியாகவே அது அமைந்துள்ளது. ஸகாத் பெறும் எண்வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர். நபி (ஸல்) அவர்கள் கடனின் பாரத்திலிருந்தும் மனிதரின் ஆதிக்கத்திலிருந்தும் ஒரே துஆவில் பாதுகாவல் தேடினார்கள். கடன் எங்கே அடிமைத்தனமாக மாறுகிறது என்பதை அவ்விரு வேண்டுதல்களின் அண்மையே உணர்த்தும்.

இந்த துஆவை நாம் அறிவோம், ஓதியும் வருகிறோம். ஆயின் அதனை ஓதி எழுந்தபின், யாருடைய கடன், எவ்வளவு, அதனைத் தளர்த்தும் அதிகாரம் எவரிடம் என்று கேட்டறிந்திருக்கிறோமா? அவர்கள் கேட்டார்கள். கேட்டதனால் அவர்களுடைய பிரார்த்தனை சுருங்கவில்லை. கருவூலத்தின் வாயில்வரை நடந்து சென்றது. நன்மையை ஏவுமாறு பணிக்கப்பட்ட சமுதாயமாகிய நாம், அந்தக் கேள்வியை முதலில் நம் ஊர்க் கடனாளியின் வீட்டு வாசலிலேனும் கேட்கத் தொடங்குதல் வேண்டும்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.