படமே இல்லாத விண்வெளிப் போர்! தெரியுமா?

வெறும் எழுத்தும் எண்ணும் குறியும் போதும், கணினிக்குள் ஒரு விண்வெளிப் போரையே நடத்திவிடலாம்! அந்த அதிசய விளையாட்டின் பெயர் ‘ஸ்டார் ட்ரெக்’.

தெரியுமா? 1971-இல் இதை உருவாக்கியவர் மைக் மேஃபீல்டு என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர்!

தெரியுமா? இதற்குத் திரைகூட வேண்டியிருக்கவில்லை! டெலிடைப் இயந்திரம் நொடிக்கு 10 எழுத்து வீதம் காகிதச் சுருளில் தடதடவென்று அச்சடிக்கும். கப்பல் நகர நகரப் புதுப்புது வரைபடம்!

தெரியுமா? இந்த விளையாட்டின் அண்டம் சதுரங்கப் பலகை போல 8-க்கு 8 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மறுபடி 64 இடம். ஆக மொத்தம் 4,096 இடங்கள்!

தெரியுமா? <*> என்றால் நம் கப்பல், >!< என்றால் நம் தளம், * என்றால் நட்சத்திரம். தூரத்துக் கட்டத்தை வேவு பார்த்தால் 204 என்று ஓர் எண் வரும். எதிரிகள் 2, தளம் 0, நட்சத்திரங்கள் 4 என்று அதற்குப் பொருள்! மூன்றே இலக்கத்தில் ஒரு போர்க்களம்!

தெரியுமா? டார்பிடோ ஏவத் திசையையும் எண்ணால்தான் சொல்ல வேண்டும். வலப்பக்கம் 1, மேலே 3, இடப்பக்கம் 5, கீழே 7. இடைப்பட்ட கோணத்துக்குத் தசமம் போட வேண்டும். கணக்கு பிசகினால் குண்டு வீண்!

தெரியுமா? 1978-இல் வந்த டேவிட் ஆலின் ‘பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்’ நூலில் இதன் மேம்பட்ட வடிவம் ஒன்றின் நிரல் முழுசாக அச்சானது. 10 லட்சம் பிரதிகள் விற்ற முதல் கணினி நூல் அதுதான்!

இனி நம்ம நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். நாகர்கோவில் அருகே சரக்கல்விளையில் பிறந்து இஸ்ரோ தலைவரான கே. சிவன், ராக்கெட்டின் பாதையைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ‘சித்தாரா’ மென்பொருளின் தலைமை வடிவமைப்பாளர்! 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணனும் இதே குமரி மாவட்டத்துக்காரர்தான்! ராக்கெட்டின் திசை, வேகம், எரிபொருள் எல்லாமே கணினிக்குள் எண்கள்தான். அந்தச் சிந்தனையின் அரிச்சுவடியை இந்த விளையாட்டிலேயே தொடங்கலாம்.

தெரியுமா? 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸ் என்ற இயங்குதளமும் வந்தது. அது டெபியன் என்ற லினக்ஸ் வழி வந்தது. டெபியனில் ‘பிஎஸ்டி கேம்ஸ்’ தொகுப்பை நிறுவி, டெர்மினலில் ‘ட்ரெக்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும், இந்த விளையாட்டுக்கு எரிக் ஆல்மன் எழுதிய வடிவம் ஓடும். காசு ஒரு பைசா கிடையாது!

தக்கலையிலோ குளச்சலிலோ பழைய மடிக்கணினி வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, இன்றே அதில் லினக்ஸைப் போட்டு விளையாடிப் பாருங்கள். ஆடி முடித்ததும் நிரலையும் திறந்து படியுங்கள். அடுத்த விளையாட்டை நீங்களே எழுதுங்கள்!