தேனில் அரிசிப்பாகு: காந்தம் கண்டுபிடிப்பது எப்படி?

கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் போய்வருவோர் பலர் தேன் பாட்டிலோடுதான் இறங்குகிறார்கள். ‘அசல் மலைத்தேன்’ என்பதற்கு அவர்களிடம் காட்டப்படும் சான்று பெரும்பாலும் தீக்குச்சி, இல்லாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப்பாகும் இந்தச் சோதனைகளில் தேறிவிடும்.

ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகும் உண்டு. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதித்து, 2020 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. வழக்கமான சோதனைகளில் பெரிய பிராண்டுகள் ஏறக்குறைய எல்லாமே தேறின. ஜெர்மனி ஆய்வகத்தில் அணுக்காந்த ஒத்திசைவு, அதாவது என்.எம்.ஆர். சோதனையும் செய்தபோது, எல்லாவற்றிலும் தேறியவை மூன்றுதான். நிறுவனங்கள் இதை மறுத்தன.

பழைய சோதனை எங்கே தவறுகிறது?

சேலம், நாமக்கல் வயல்களிலேயே விடை இருக்கிறது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் முறை வேறு. நெல்லும் குச்சிக்கிழங்கும், தேனீ நாடும் பெரும்பாலான செடிகளும் எடுத்துக்கொள்ளும் முறை வேறு. அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 அளவும் மாறுகிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்கும் பழைய சோதனையில் கரும்புப்பாகு சிக்கிவிடும். நெல்லோ தேனீயின் செடிகளோடு ஒரே கட்சி, அரிசிப்பாகு தப்பிவிடும்.

என்.எம்.ஆர். என்ன செய்கிறது?

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடிப்படையான தத்துவமே இதற்கும். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு நுண்காந்தம். கரைத்த தேனில் அரை மில்லிலிட்டர் அளவுக்கு மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, பெரும் காந்தத்துக்குள் இறக்குகிறார்கள். ஆய்வகங்களில் பரவலாக உள்ள 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தப்புலம் 9.4 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைவிட லட்சம் மடங்குக்கும் மேல். அதன் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும்.

ரேடியோ அலையைச் செலுத்தினால், எந்த மூலக்கூறில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஹைட்ரஜனும் தனக்குரிய அதிர்வெண்ணில் பதில் தரும். குளுக்கோஸ், பிரக்டோஸ், தேனீயிடமிருந்து பெரும்பாலும் வரும் புரோலின் என்ற அமினோ அமிலம், குளுகோனிக் அமிலம் எல்லாம் ஒரே வரைபடத்தில் முகடுகளாகத் தெரியும். முகட்டின் பரப்பு அந்தப் பொருளின் அளவைச் சொல்லும். பாகு கலந்தால் மால்டோஸ் போன்ற சர்க்கரைகளின் விகிதம் மாறி, வரைபடம் காட்டிக்கொடுத்துவிடும்.

ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள லாக்டேட், கிரியாட்டினின், சிட்ரேட் போன்ற வளர்சிதைமாற்றப் பொருட்களையும் ஆராய்ச்சியாளர்கள் இவ்வாறே படிக்கிறார்கள்.

குறை இல்லையா?

உண்டு. மிகச் சொற்ப அளவில் உள்ள பூச்சிமருந்து, ஆன்டிபயாடிக் எச்சங்களை இது பிடிக்காது. அதற்கு நிறை நிறமாலைமானிதான் வேண்டும். என்.எம்.ஆர். கருவியின் விலையும் ஹீலியச் செலவும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பிடுவதற்கு அசல் தேன்களின் பதிவேடு தேவை. ஒரு வட்டாரத்தின் தேன் அதில் இல்லையென்றால், நல்ல தேனும் சந்தேகத்துக்கு ஆளாகலாம்.

2020 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் இந்தியத் தேனுக்கு என்.எம்.ஆர். சோதனை கட்டாயமானது. வெளிநாட்டாருக்குக் கிடைக்கும் அந்த உறுதி உள்ளூர் வாடிக்கையாளருக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு முதல் வேலை, கொல்லிமலை, சேர்வராயன் மலைத் தேன்களைப் பருவம்தோறும், பூ வாரியாக எடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவதுதான்.