கிட்டாருக்கேற்ற ஒலிபெருக்கி

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோற்றொழில் நடைபெறுவதைக் கண்டோர் நன்கறிவர்: காலணியின் அடிப்பாகத்திற்கு விறைப்பான தடித்த தோலும், மேற்பாகத்திற்கு வளைந்து கொடுக்கும் மெல்லிய தோலும் வேண்டும். இவற்றை இடமாற்றித் தைப்பவன் நல்ல சரக்கைக் கொண்டே கெட்ட காலணி செய்தவனாவான். கிட்டாருக்கு ஒலிபெருக்கி வாங்கப் புகும் மாணவ நண்பர் பலர் இத்தவற்றையே செய்கின்றனர். அவர்கள் பல மாதம் சேர்த்த பொருள் வீணாவதைக் கண்டு, இதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

முதற்கண் வாத்தியத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மின்சாரக் கிட்டாரில் காந்தமும் கம்பிச் சுருளும் உள்ளன. எஃகுத் தந்தி அதிருங்கால் காந்தப் புலம் மாறுபட்டுச் சுருளில் மின்னோட்டம் எழுகின்றது. மரப்பெட்டிக் கிட்டாரிலோ, தந்தியைத் தாங்கும் குதிரையின் அடியில், அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் பீசோப் பட்டை பெரும்பாலும் அமைக்கப்பெறும். நைலான் தந்தியைக் காந்தம் உணராது, பீசோ உணரும்.

மின்சாரக் கிட்டாருக்கு ஒலிபெருக்கியும் வாத்தியத்தின் ஓர் அங்கமே. அதன் 12 அங்குல ஒலிக்கூம்பு ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியை மிகவும் குறைத்துவிடுதலால் கரகரப்பு அடங்கி நாதம் திரள்கின்றது. மரப்பெட்டிக் கிட்டாரை அதில் இணைப்பின் மரத்தின் இனிமை மங்கிவிடும். அதற்கு, உச்ச ஒலிகளுக்கெனத் தனிச் சிறு கூம்புடையதாய், உள்ளதை உள்ளவாறே ஒலிப்பதாய் அமைந்த பெருக்கியே ஏற்றது. இரண்டு வாங்க இயலாதவர் இதனையே வாங்கி, மின்சாரக் கிட்டாருக்கு முன்னால் ஒலிக்கூம்பின் தன்மையைப் போலச் செய்யும் காற்பெட்டி ஒன்றை இணைக்கலாம்.

மின்னாற்றல் இசையின் பயனையே மாற்றவல்லது என்பதற்கு உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) சான்றாவார். மாண்டலினின் நாதம் விரைவில் அடங்குவது. கமகத்திற்கோ நீடித்த நாதம் வேண்டும். ஐந்து தந்தி மின்சார மாண்டலினைக் கைக்கொண்டு அவர் அக்குறையை வென்றார்.

வாட்டுக் கணக்கைக் கண்டு மயங்குதல் கூடாது. 20 வாட்டை 40 ஆக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். வீட்டுப் பயிற்சிக்கு 10 அல்லது 20 வாட்டு போதும். அன்றியும், மரப்பெட்டி பெருக்கியின் ஒலியைத் தானே ஏற்று அதிர்ந்து ஊளையிடும். பெருக்கியை விட்டு விலகி நிற்பதும், ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைப்பதும் அதற்குப் பரிகாரமாம்.

செவியைக் காத்தலும் கடமையே. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது ஒரு வரையறை. 3 டெசிபெல் உயருந்தோறும் அந்நேரம் பாதியாகும். ஆகவே 100 டெசிபெல்லில் 15 நிமிஷமே. இழந்த செவிப்புலனை எவ்விலை கொடுத்தும் மீட்டல் அரிது. மூன்றுமுனைச் செருகியின் நிலத்தொடர்புக் கம்பியை நீக்குதலும் உயிருக்கே கேடாம்.

தேர்ந்த தோல் வணிகர் நிறத்தைக் கண்டு விலை பேசார். விரலால் தடவிப் பார்ப்பர். அதுபோலவே நீவிரும் உம் சொந்தக் கிட்டாரைக் கடைக்கு எடுத்துச் சென்று, வழக்கமாக வாசிக்கும் அளவிலேயே ஒலிக்கச் செய்து, உம் செவி ஒப்பிய பின்னரே பணம் கொடுப்பீராக.